மரபணுவும் அதனை ஏவும் தொலைத் தூண்டிகளும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா மேடையிலே கடந்து வந்த பாதையைப் பேசுவது மரபு. அதனைப் பேசத் தகுதி வாய்ந்தோர் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றனர். ஆதலின் நாம் இன்று உயிரியலின் ஒரு பகுதியைப் பேசுவதற்கு எடுத்துக்கொண்டோம். மரபணுக்கள் எவ்வாறு விழிக்கின்றன, எவ்வாறு உறங்குகின்றன, அவற்றை வெகு தொலைவில் இருந்து ஏவுவன எவை என்பதே அது.

"வேலைக்கு உதவும் படிப்பைப் பற்றிப் பேசலாகாதா? இது நமக்கு எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு நாம் தரும் மறுமொழி இரண்டு. பிறப்பு என்னும் ஒரு சொல்லைக் காட்டியே நம் முன்னோரைப் பள்ளிக்கும் குளத்துக்கும் தெருவுக்கும் புறத்தே நிறுத்தினர். ஆகவே பிறப்பைப் பற்றி அறிவியல் உண்மையில் என்ன சொல்கிறது என்பதைப் பிறர் வாய்வழி கேளாமல் நாமே கற்றறிதல் வேண்டும். இது முதலாவது. இந்தியாவிலே ஒடுக்கப்பட்ட மக்களையும் பழங்குடி மக்களையும் பெரிதும் வருத்தும் ஒரு குருதி நோய்க்கு இந்த ஆராய்ச்சியின் வழியாகவே ஒரு புதிய மருத்துவம் பிறந்துள்ளது. அதனை அறியாதிருப்பது நமக்கு நட்டமாகும். இது இரண்டாவது.

ஒரே ஏடு, பல வாசிப்பு

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆயது. ஒவ்வோர் உயிரணுவின் கருவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உள்ளது. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு என அதனைக் கொள்ளலாம். தாய்வழி ஒரு படியும் தந்தைவழி ஒரு படியுமாக நமக்கு இரண்டு படிகள் கிடைக்கின்றன. ஒரு படியில் உள்ள எழுத்துகள் ஏறத்தாழ 300 கோடி. இரண்டையும் நீட்டிப் பிடித்தால் 2 மீட்டர் நீளம் வரும். அவ்வளவும் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கிலும் குறைந்த அகலமுடைய கருவுக்குள்ளே சுருண்டு மடிந்து கிடக்கிறது.

இந்த ஏட்டில் புரதங்களைச் செய்வதற்கான குறிப்புகளே நாம் பொதுவாக மரபணு என்று சொல்பவை. மனிதரிடம் அத்தகையவை ஏறத்தாழ 20,000 உள்ளன. அவற்றின் புரதக் குறிப்புகள் மொத்த ஏட்டில் நூற்றுக்கு இரண்டு பங்கிற்கும் குறைவான இடத்தையே அடைத்துக்கொள்கின்றன.

இங்கே ஒரு வினா எழுகிறது. கண்ணின் உயிரணு வேறு. கல்லீரலின் உயிரணு வேறு. எலும்பின் உயிரணு வேறு. ஆயினும் மிகச் சில விலக்குகள் நீங்கலாக இவை அனைத்திலும் இருப்பது ஒரே ஏடுதான். ஒரே ஏட்டை வைத்துக்கொண்டு ஓர் உயிரணு கண்ணாகவும் மற்றொன்று கல்லீரலாகவும் ஆவது எங்ஙனம்? ஒவ்வோர் உயிரணுவும் ஏட்டின் எல்லாப் பக்கங்களையும் வாசிப்பதில்லை என்பதே விடை. தனக்குரிய பக்கங்களை மட்டும் திறந்து, ஏனையவற்றை மூடி வைக்கிறது. இனி அடுத்த வினா பிறக்கும். எந்தப் பக்கத்தை எப்பொழுது திறப்பது என்று ஏவுவது எது?

இவ்வினாவுக்கு முதல் விடையைத் தந்தவர்கள் பிரான்சு நாட்டு அறிஞர்களான பிரான்சுவா ழாக்கோப், ழாக் மொனோ ஆகிய இருவர். குடலில் வாழும் பாக்டீரியாவை ஆராய்ந்து, ஒரு மரபணுவின் வாயிலிலேயே அதனைத் திறக்கவும் மூடவுமான பூட்டு உண்டு என்று 1961இல் அவர்கள் விளக்கினர். அவர்களுக்கு 1965இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதன் முதலிய உயிர்களிலும் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு வாயில் உண்டு. மரபணுவைப் படியெடுக்கும் நொதி வந்து அமரும் அந்த இடத்தைத் தொடக்கப் பகுதி என்போம். ஆனால் நம்மைப் போன்ற உயிர்களில் வாயில் மட்டும் போதவில்லை. பெரும்பாலும் வாயிலில் இருந்து வெகு தொலைவில் உள்ள வேறொன்றின் கட்டளை வந்தால்தான் கதவு நன்றாகத் திறக்கிறது.

1981ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு

அந்த வேறொன்றைக் கண்டறிந்த சோதனை ஸ்விட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஜூலியன் பானர்ஜி, சாண்ட்ரோ ருஸ்கோனி, வால்டர் ஷாஃப்னர் ஆகிய மூவரும் முயலின் குருதிப் புரத மரபணு ஒன்றை, வளர்ப்புக் கிண்ணத்தில் வாழும் மனித உயிரணுக்களுக்குள் செலுத்தினர். அது ஏறக்குறைய ஊமையாகவே இருந்தது. பின்பு குரங்கின் வைரசு ஒன்றிலிருந்து எடுத்த டி.என்.ஏ. துண்டை அதனோடு சேர்த்துச் செலுத்தினர். மரபணுவின் படிகள் 200 மடங்கு பெருகின. அந்த வல்லமை வைரசின் ஏட்டில் இரட்டித்து வரும் 72 எழுத்துகளில் இருந்தது.

வியப்பு இதனோடு முடியவில்லை. அத்துண்டை மரபணுவுக்கு முன்னே 1,400 எழுத்துகள் தள்ளி வைத்தாலும் அது வேலை செய்தது. பின்னே 3,300 எழுத்துகள் தள்ளி வைத்தாலும் வேலை செய்தது. தலைகீழாகத் திருப்பி வைத்தாலும் வேலை செய்தது. 1981இல் வெளிவந்த இந்த ஆய்வின் பயனாகவே இத்தகைய துண்டுகளுக்கு 'என்ஹான்சர்' என்னும் பெயர் நிலைத்தது. நாம் இவ்வுரையில் அதனைத் 'தூண்டி' என்று வழங்குவோம். இருண்டு இரண்டு ஆண்டுகளில், 1983இல், நோய் எதிர்ப்புப் புரதத்தைச் செய்யும் நம் வெள்ளணுக்களின் மரபணுவிலும் இத்தகைய தூண்டி உண்டு எனக் கண்டனர். அது அவ்வகை உயிரணுக்களில் மட்டுமே வேலை செய்தது. ஆக, எந்த உயிரணுவில் எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்னும் அறிவு தூண்டிகளில் பொதிந்துள்ளது என்பது தெளிவாயிற்று.

ஒரு செய்தியை இங்கே மறவாமல் சொல்லியாக வேண்டும். அச்சோதனைக்குப் பயன்பட்ட மனித உயிரணுக்கள் 'ஹீலா' என்னும் பெயருடையவை. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற வந்த ஹென்றியேட்டா லாக்ஸ் என்னும் ஏழைக் கறுப்பினப் பெண்ணின் உடலிலிருந்து, அவருடைய ஒப்புதலைக் கேளாமலே எடுக்கப்பட்டவை அவை. அவ்வாண்டே அவர் மறைந்தார். அவருடைய உயிரணுக்களோ உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் இன்றும் வாழ்கின்றன. அறிவியலின் மாளிகைக்கு ஒடுக்கப்பட்டோரின் உடலும் அடித்தளமாகியுள்ளது. அம்மாளிகையின் உள்ளே நுழைவதற்கு நாம் எவரிடமும் தயவு கேட்க வேண்டியதில்லை.

தொலைவைக் கடப்பது எங்ஙனம்?

நம் ஊர்களில் ஏரி ஓரிடத்தில் இருக்கும். நீர் பாய வேண்டிய வயல் வேறோரிடத்தில் இருக்கும். மதகைத் திறந்து, எந்த வயலுக்கு எப்பொழுது எவ்வளவு நீர் என்று முறை வைத்து விடுபவர் நீர்க்கட்டி. தமிழகத்தின் பல ஊர்களில் அவ்வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தோர் நம்மவரே. வயல் நன்றாக இருந்தாலும் விதை நன்றாக இருந்தாலும் மதகு திறவாவிடில் விளைச்சல் இல்லை. மரபணுவுக்கும் தூண்டிக்கும் உள்ள தொடர்பும் ஏறத்தாழ இத்தகையது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நீர் வாய்க்கால் வழியே இடைப்பட்ட நிலம் அனைத்தையும் கடந்து வருகிறது. தூண்டியின் கட்டளை அவ்வாறு எழுத்தெழுத்தாக ஊர்ந்து வருவதில்லை.

எட்டு முழ வேட்டி ஒன்றை நீட்டிப் பிடித்தால் அதன் இரு முனைகளும் வெகு தொலைவில் இருக்கும். மடித்தாலோ இரு முனைகளும் ஒன்றையொன்று தொடும். கருவுக்குள் டி.என்.ஏ. இழையும் அவ்வாறே வளைந்து கண்ணிகள் ஆகின்றது. தூண்டியின் மேல் அதற்கே உரிய கட்டுப்பாட்டுப் புரதங்கள் முதலில் வந்து அமர்கின்றன. அவை இறுகச் சுற்றிக் கிடக்கும் இழையைத் தளர்த்தி, துணைப் புரதங்களை அழைக்கின்றன. இழை வளைந்து கொடுக்கத் தூண்டி மரபணுவின் வாயிலை நெருங்குகிறது. அங்கே படியெடுக்கும் நொதி வேலையைத் தொடங்குகிறது. 2002இல் ஜோப் டெக்கரும் உடன் பணியாற்றியோரும் கருவுக்குள் இழையின் எந்தப் பகுதி எந்தப் பகுதியை நெருங்கியுள்ளது என்பதை அளந்தறியும் முறையை வகுத்தனர். அவ்வாண்டே ஹாலந்தின் ஆய்வாளர்கள் குருதிப் புரத மரபணு தன் தொலைத் தூண்டிகளை நெருங்கி நிற்பதை அம்முறையால் காட்டினர்.

எல்லாத் தூண்டிகளும் எல்லா மரபணுக்களையும் ஏவிவிட்டால் உடல் குழம்பிப் போகாதா? போகும். அதனைத் தடுக்க ஏட்டில் எல்லைகள் உண்டு. கோஹிசின் என்னும் வளையப் புரதம் இழையை இழுத்துக் கண்ணியாக்கிச் செல்கிறது, சி.டி.சி.எஃப். என்னும் புரதம் அமர்ந்துள்ள இடங்களில் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இதனால் ஏடு தனித்தனிக் கூடங்களாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு கூடத்தின் தூண்டி பெரும்பாலும் அக்கூடத்தின் மரபணுக்களையே ஏவும். எல்லை அழிந்தால் நேர்வது என்ன என்பதை 2015இல் பெர்லின் ஆய்வாளர்கள் காட்டினர். சில குடும்பங்களில் கைவிரல்கள் பிறவியிலேயே கோணலாகவோ ஒட்டியோ இருந்தன. அக்கேட்டுக்குக் காரணம் மரபணுக்களின் பழுது அன்று. கூடங்களுக்கு இடைப்பட்ட எல்லை குலைந்ததால், ஒரு தூண்டி தனக்குரியதல்லாத அடுத்த வீட்டு மரபணுவை எழுப்பிவிட்டது.

ஆறாம் விரல் சொல்லும் பாடம்

கையில் ஆறு விரலோடு பிறந்த பிள்ளையை அதிர்ஷ்டப் பிள்ளை என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அதன் காரணத்தைத் தேடிய ஆராய்ச்சி, தூண்டியின் தொலைவு எவ்வளவு இருக்கக்கூடும் என்பதை உலகுக்கு அறிவித்தது.

கருவில் வளரும் குழந்தையின் கை கால்களுக்கு உருவம் கொடுப்பதில் 'சானிக் ஹெட்ஜ்ஹாக்' என்னும் மரபணுவுக்குப் பெரும் பங்குண்டு. கை மொட்டின் சுண்டுவிரற் பக்கத்தில் மட்டும் அது விழிக்கவேண்டும். அங்ஙனம் விழிக்கச் செய்யும் தூண்டி எங்கே இருக்கிறது? மரபணுவில் இருந்து ஏறத்தாழ 10 லட்சம் எழுத்துகளுக்கு அப்பால், தனக்குத் தொடர்பே இல்லாத வேறொரு மரபணுவின் நடுவிலே இருக்கிறது. எடின்பரோ ஆய்வாளர்கள் இதனை 2003இல் வெளியிட்டனர். அத்தூண்டியில் ஓர் எழுத்து மாறினாலே, மரபணு கட்டைவிரற் பக்கத்திலும் விழித்து, மிகைவிரல் தோன்றக்கூடும். பிற காரணங்களாலும் ஆறாம் விரல் வருவதுண்டு. இது அவற்றுள் ஒன்று.

சுண்டெலியிடத்தில் அத்தூண்டியை மட்டும் நீக்கியபோது, மரபணு பழுதின்றி இருந்தும் கால்கள் முழுமையாக வளரவில்லை. பாம்பிடத்தில் இத்தூண்டி காலப்போக்கில் சிதைந்துவிட்டது. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலியின் தூண்டியை எடுத்துவிட்டுப் பாம்பின் தூண்டியை அவ்விடத்தில் வைத்தபோது, எலியின் கால்கள் குறுகிப் போயின. மரபணு அழிந்தால்தான் கேடு வரும் என்பதில்லை. அதனை எழுப்பும் இடம் அழிந்தாலும் அதே கேடு வரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

குருதியின் கதை

இனி நம் மக்களோடு நேராகத் தொடர்புடைய பகுதிக்கு வருவோம். குருதியைச் சிவப்பாக்கி உயிர்வளியைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். வளர்ந்தவரிடத்தில் அது இரண்டு ஆல்ஃபா இழைகளும் இரண்டு பீட்டா இழைகளும் சேர்ந்தது. தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவிடமோ பீட்டாவுக்கு மாறாகக் காமா இழைகள் உள்ளன. பிறப்பை ஒட்டிக் காமா மரபணு மெல்ல உறங்கத் தொடங்குகிறது. பீட்டா மரபணு விழிக்கிறது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் இம்மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இவ்விரு மரபணுக்களும் 11ஆம் குரோமோசோமில் ஒரே வரிசையில் உள்ளன. அவ்வரிசை முழுவதற்கும் பொதுவான ஆற்றல் மிக்க தூண்டித் தொகுதி ஒன்று, பீட்டாவில் இருந்து சுமார் 50,000 எழுத்துகள் தள்ளி இருக்கிறது. ஹாலந்து நாட்டு நோயாளி ஒருவரைப் பற்றி 1983இல் வெளிவந்த ஆய்வே அதற்கு முதற்சான்று. அவருடைய பீட்டா மரபணு முழுமையாக இருந்தது. ஆயினும் அதற்கு முன்னே உள்ள ஏறத்தாழ 1 லட்சம் எழுத்துகள் உதிர்ந்துபோனதால் அது ஊமையாகிக் கிடந்தது. 1987இல் ஃபிராங்க் குரோஸ்வெல்டும் உடன் உழைத்தோரும் அத்தூண்டித் தொகுதியைப் பீட்டா மரபணுவோடு இணைத்துச் சுண்டெலியில் வைத்தபோது, அது முழு வலிமையோடு வேலை செய்தது. கருவளர்ச்சியில் இத்தொகுதி காமாவை நெருங்கி நிற்கிறது. பின்னர் பீட்டாவை நெருங்குகிறது.

இப்பொழுது நோயைக் காண்போம். பீட்டா மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறினால், அதன் புரதத்தில் ஆறாம் இடத்து அமினோ அமிலம் மாறுகிறது. அத்தகைய மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு உயிர்வளி குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும். வளைந்த அணுக்கள் நுண்ணிய குருதிக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். தாங்கவொண்ணாத எலும்பு வலி, சோகை, அடிக்கடி தொற்றுநோய், பக்கவாதம் முதலியன வருத்தும். இதுவே அரிவாள் அணுச் சோகை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பொதுவாக நலமாகவே வாழ்வார். அவரைச் சுமப்பவர் என்பர். சுமப்பவர் இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்புண்டு.

இந்தியாவில் இதனைக் கண்டறிந்த தொடக்க ஆய்வுகளில் ஒன்று நம் நீலகிரியிலே நடந்தது. 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் அம்மலைப் பழங்குடி மக்களிடையே இம்மரபணுவைக் கண்டனர். மகாராட்டிரத்தின் விதர்ப்பப் பகுதியில் பட்டியல் சாதி மக்களிடையேயும், நடு இந்தியாவின் பழங்குடி மக்களிடையேயும் இது பரவலாக உள்ளது. ஆப்பிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் மத்தியதரைக் கடற்கரையிலும் இது உண்டு. ஏன் இங்கெல்லாம்? சுமப்பவருக்கு மலேரியாவின் கொடுமையிலிருந்து காப்புக் கிடைக்கிறது என்று 1954இல் ஆந்தனி ஆலிசன் காட்டினார். காடும் சதுப்பும் கொசுவும் மிகுந்த இடங்களில் தலைமுறைகளாக உயிர் பிழைத்தோரிடம் எஞ்சிய தழும்பே இம்மரபணு. இதில் தீட்டும் இல்லை, பழியும் இல்லை, முற்பிறவி வினையும் இல்லை.

தூண்டியில் கிடைத்த மருந்து

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் 1948இல் ஒன்றைக் கவனித்து எழுதினார். இந்நோயுடன் பிறந்த குழந்தைகள் முதற்சில மாதங்களில் ஏறக்குறைய நலமாகவே இருக்கின்றன. சிசுப் பருவத்து ஹீமோகுளோபின் அவர்களைக் காக்கிறது. அப்படியாயின் உறங்கிவிட்ட காமா மரபணுவை வளர்ந்தவரிடம் மீண்டும் எழுப்ப முடியுமா? இந்தக் கேள்வியை அறிவியல் அறுபதாண்டுகள் சுமந்து திரிந்தது.

காமாவை உறங்க வைக்கும் புரதத்தின் பெயர் பி.சி.எல்.11.ஏ. இதனை 2008இல் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் ஆகியோரின் ஆய்வு நிறுவியது. அந்தப் புரதத்தின் மரபணுவையே அழித்துவிடலாமே எனில், ஆகாது. மூளையின் வளர்ச்சிக்கும் வெள்ளணுக்களின் வளர்ச்சிக்கும் அது இன்றியமையாதது. இங்கேதான் தூண்டியின் அறிவு கைகொடுத்தது. அம்மரபணுவைச் சிவப்பணுக்களின் தாயணுக்களில் மட்டும் எழுப்பும் தூண்டி ஒன்று உண்டு. அது மரபணுவின் வாயிலில் இருந்து 58,000 எழுத்துகள் தள்ளி உள்ளது என்பது 2013இல் தெரியவந்தது. அந்த ஒரு தூண்டியைக் கெடுத்தால் குருதியில் மட்டும் பி.சி.எல்.11.ஏ. குறையும், மூளையில் அது வழக்கம்போல் இருக்கும். ஓர் ஊருக்கே நீரை நிறுத்தாமல் ஒரு கண்ணியின் மடையை மட்டும் அடைப்பது போன்றது இது.

டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்னும் கருவியை ஜெனிபர் டௌட்னாவும் எம்மானுவேல் ஷார்பாந்தியேவும் 2012இல் விளக்கியிருந்தனர். 2020இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கருவி கொண்டு, நோயாளியின் குருதித் தாயணுக்களை வெளியே எடுத்து, அத்தூண்டியை வெட்டி, மீண்டும் உடலில் செலுத்தும் மருத்துவம் உருவாயிற்று. 2019இல் அதனைப் பெற்றவர் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த விக்டோரியா கிரே என்னும் கறுப்பினப் பெண்மணி. மருத்துவ ஆய்வில் உரிய காலம் கவனிக்கப்பெற்ற 31 பேரில் 29 பேர், தொடர்ந்து ஓராண்டுக் காலமேனும் கடும் வலித் தாக்குதல் இன்றி இருந்தனர். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இதற்கு ஒப்புதல் அளித்தன. கேஸ்கெவி என்பது அதன் பெயர். தூண்டி ஒன்றையே குறிவைத்து ஒரு நோயை வென்ற வரலாறு இது.

மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ள மனம் இடம் தரவில்லை. அமெரிக்காவில் இம்மருத்துவத்துக்கு வைத்த விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர். அதற்கு முன்னர்க் கடுமையான மருந்தால் பழைய எலும்பு மஜ்ஜையை அழிக்கவேண்டும். பல வாரம் மருத்துவமனையில் இருக்கவேண்டும். நீலகிரியின் கூலித் தொழிலாளிக்கும் விதர்ப்பத்தின் பருத்திக் காட்டு உழைப்பாளிக்கும் இது எட்டுமா? எட்டச் செய்யவேண்டும் என்று கேட்பது யார் பொறுப்பு? கேட்பதற்கு முதலில் இப்படியொன்று உண்டு என அறிந்திருக்க வேண்டுமே!

அதுவரை கைவசம் உள்ளவற்றை விடலாகாது. சிசு ஹீமோகுளோபினைக் கூட்டும் ஹைட்ராக்சியூரியா என்னும் மாத்திரை விலை குறைந்தது; மருத்துவர் மேற்பார்வையில் உண்ணத்தக்கது. இந்திய அரசு 2023 ஜூலை 1 அன்று அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி, 7 கோடி மக்களைச் சோதிப்பதென இலக்கு வகுத்தது. சோதனை நல்லது. ஆயினும் அதனைக் கண்ணைத் திறந்துகொண்டே ஏற்கவேண்டும்.

ஏன் இவ்வாறு சொல்கிறோம்? 1971இல் அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் தம் மக்களின் குடியிருப்புகளில் தாமே இந்நோய்க்கான சோதனை நடத்தினர். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பாந்தர் இயக்கம் தன் பெயரை எடுத்துக்கொண்டது அவர்களிடமிருந்தே. 1972இல் அமெரிக்க அரசும் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் சோதனையின் முடிவை வைத்தே, நோயில்லாத சுமப்பவர்களுக்குச் சில இடங்களில் வேலை மறுக்கப்பட்டது, காப்பீடு மறுக்கப்பட்டது. அந்நாட்டு விமானப்படைக் கல்லூரி 1981 வரையில் சுமப்பவர்களைச் சேர்க்கவில்லை. நலம் நாடி எடுத்த குருதிச் சொட்டு புதிய தீண்டாமைக்குக் கருவியாகிவிடக்கூடும் என்பதற்கு இது எச்சரிக்கை. ஆகவே சோதனை செய்துகொள்ளுங்கள். முடிவை இரகசியமாகக் காக்கும்படி கேளுங்கள். சுமப்பவர் என்னும் காரணத்தால் ஒரு பெண்ணின் திருமணத்தை முறிக்கும் கொடுமை நம் வீடுகளில் நுழைய இடங்கொடாதீர்கள்.

பிறப்பும் நீதியும்

இனி முதலில் சொன்ன பிறப்பு என்னும் சொல்லுக்கு வருவோம். "திறமை குருதியில் வருவது, எழுத்து ஒரு சாதிக்கு, ஏர் ஒரு சாதிக்கு" என்று பேசுவோர் இன்றும் உளர். நாம் கண்ட அறிவியல் அவர்களுக்கு என்ன சொல்கிறது? ஒரு மரபணு இருப்பது மட்டுமே அதன் பயனைத் தீர்மானிப்பதில்லை. எவ்வுறுப்பில், எப்பருவத்தில், எத்தனை தூண்டிகளின் ஏவலால் அது விழிக்கிறது என்பதைப் பொறுத்தது பயன். ஒரு விரலின் தொகையையே 10 லட்சம் எழுத்துகளுக்கு அப்பாலுள்ள இடம் ஆட்டிவைக்கிறது என்றால், ஒரு மனிதனின் அறிவையும் ஒழுக்கத்தையும் ஒரு சாதிப் பெயரில் அடக்கிச் சொல்வோரின் பேச்சு எத்துணை வெறுமையானது!

ஆனால் இளைஞர்களே, ஒரு சொல் கவனம். "சமூகமும் ஓர் உடல், நாம் உறங்கும் மரபணுக்கள், நம்மைத் தூண்டினால் விழிப்போம்" என்று மேடையில் முழங்க ஆசை எழும். கேட்கவும் இனிக்கும். ஆயினும் உவமை சான்றாகாது. மக்களைத் தலை, தோள், தொடை, கால் என உடலாக உவமித்துத்தானே நம்மைக் காலிலே வைத்தனர்? உயிரியலை உவமையாக்கிச் செய்த தீங்கை மற்றோர் உவமையால் வெல்ல முயல வேண்டா. 1883இல் கால்டன் பெயரிட்ட 'நல்லினவியல்' என்னும் கொள்கை, அறிவியலின் வேடம் பூண்டு, பின்னாளில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஏழைகளையும் ஊனமுற்றோரையும் வலிந்து கருத்தடைக்கு உட்படுத்தியதை நாம் மறக்கலாகாது.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில் இதற்கு அறிவார்ந்த வழி காட்டியுள்ளார். ஒருவரின் ஆற்றல் உடல்வழி வரும் மரபையும், பெற்றோர் பேணலும் கல்வியும் ஆகிய சமூக உடைமையையும், தன் முயற்சியையும் பொறுத்தது என்று அவர் பகுத்தார். இவற்றில் மனிதர் வேறுபடலாம். அதனால் அவர்களைத் தொடக்கத்திலேயே வேறுபடுத்தி நடத்தலாகாது. அங்ஙனம் நடத்தினால் பந்தயம் ஏற்கெனவே வசதி பெற்றோருக்கே சாதகமாகும் என்பது அவர் கருத்தின் சாரம். ஆகவே சமத்துவம் ஆய்வுக்கூடத்தின் முடிவுக்காகக் காத்திருப்பதன்று. நாளை எந்த மரபணுவைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நம் உரிமை அதனால் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. அது நீதியின் மேல் நிற்கிறது.

இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவருவது அண்ணல் சொன்ன இரண்டாவதான சமூக உடைமையைக் கட்டியெழுப்பும் பணி. பாட்டன் தராத நூலகத்தையும் ஊர் தராத படிப்பறையையும் சங்கம் தருகிறது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நாம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். மேனிலைப் பள்ளியில் உயிரியல் பயிலும் நம் பிள்ளைகளில் சிலரையேனும் மரபியல் ஆராய்ச்சி வரையில் கொண்டு சேர்க்கச் சங்கம் துணை நிற்க வேண்டும். குருதி நோய்களைப் பற்றிய எளிய விளக்கக் கூட்டங்களை மருத்துவர்களைக் கொண்டு நம் குடியிருப்புகளில் நடத்த வேண்டும். படித்தவர் ஒவ்வொருவரும் தாம் கற்ற துறையைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். சித்த மருத்துவராகவும் விளங்கிய அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தம் இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' எனப் பெயரிட்டார். அறிவு எளியோர் கைக்கு எட்டும் விலையில் இருக்கவேண்டும் என்பதே அப்பெயரின் பொருள்.

மரபணுவின் ஏட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு புரதக் குறிப்பு இல்லாத பகுதி. முன்னொரு காலத்தில் அதனைக் குப்பை என்று பலர் ஒதுக்கினர். அதில் எல்லாமே பயனுடையது என்று இன்றும் எவரும் நிறுவிவிடவில்லை. ஆயினும் அங்கே தேடியவர்களுக்குத்தான் தூண்டிகள் கிடைத்தன, மருந்தும் கிடைத்தது. அதன் பெரும்பகுதி இன்னும் வாசிக்கப்படாமலே கிடக்கிறது. வாசிக்கப் போகிறவர்களின் வரிசையில் இவ்வரங்கில் அமர்ந்துள்ள நம் பெண்களும் பையன்களும் இருக்கவேண்டும்.

 வளர்க நம் சங்கம்! ஓங்குக கல்வி!